வழக்கறிஞர் கதிரேசு வரலாறு: ஏழாம் அத்தியாயம்

அன்புள்ள வீராசாமி,

நாம் பேசி முப்பது வருடம் ஆகிவிட்டதால் நலம் விசாரிக்கக் கூச்சமாக இருக்கிறது. வழக்கறிஞர் கதிரேசுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்திருக்கிறேன். ஏழாம் அத்தியாயம் உன் வழக்கு. காரணம் சொல்லாமல் யாரையும் அடைத்து வைக்கக் கூடாது, அரசியல் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு என்று வாதாடி அவர் உன்னை வெளியே கொண்டுவந்தார்.

மலாக்காவில் அவருடைய மனைவி உன் வழக்கின் பழைய கோப்பைக் கொடுத்தார். "தம்பி, இத உங்களுக்குக் காட்ட வேணாம்னு சொல்லி வச்சிருந்தாரு," என்றார்.

உள்ளே, நீ கைதான மறுநாள் பத்திரிகையில் நான் எழுதிய செய்தி இருந்தது. 'ஜாசின் தோட்டத்தில் கலகம் தூண்டியவர் கைது.' ஓரத்தில் சிவப்பு மையில் அவர் கையெழுத்து: "வீராசாமி வீட்டில் யாரையாவது கேட்டார்களா?"

கேட்கவில்லை. தோட்ட மானேஜர் தன் ஆபீசில் சொன்னதை அப்படியே எழுதினேன். உன் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை.

இதையும் அத்தியாயத்தில் சேர்த்ததும் பதிப்பாளர் சிரித்தார். "அண்ணே, இது லாயர் கதைலா! மன்னிப்பு கேக்கணும்னா கோயிலுக்குப் போங்க. எதுக்கு என் புக்கு?"

நான் அதை எடுத்துவிடவில்லை.

அத்தியாயத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றிய எந்த வரியையும் நீ அடிக்கலாம். முழுவதும் வேண்டாமென்றால் ஏழாம் அத்தியாயம் இல்லாமலே புத்தகம் வரும், பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். உன் பதில் வரும்வரை அச்சுக்குப் போகாது.

உன் குணம் எனக்குத் தெரியும். இரக்கப்பட்டு என் பெயரை மட்டும் அடித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பள்ளித் தோழன்