ஒரு மணி ஐந்து நிமிடத் தூரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது அடம் பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே, பேரனுக்குக் கழுத்து நின்றுவிட்டதா என்று எழுது.

போன மாதம் போனில் நீ, ஒரு மணி நேரம் பறந்தா வந்துடலாம், உங்க மனசுதான் தூரம்ப்பா என்று சொல்லிவிட்டு வைத்தாய். அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவனுக்குத் தூரம் தெரியாதா. மலையைச் சுற்றிப் போனால் அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரம். முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் அவ்வளவு நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்கே தெரியும். விமானத்தில் முந்நூற்று நாற்பதுதான், ஒரு மணி ஐந்து நிமிடம். அப்படியிருந்தும் வராததற்கு உன்னிடம் ஆயிரம் சாக்குச் சொன்னேன். பயம் என்பதுதான் நிஜம். ஸ்டியரிங் இன்னொருவன் கையில் இருக்க, கீழே ரோடும் இல்லாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் கடிதம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அந்தப் பயத்தோடேயே போன செவ்வாய்க்கிழமை காலை உனக்குச் சொல்லாமல் விமானத்தில் உன் ஊருக்குக் கிளம்பினேன். நம் ஊர் விமான நிலையம் பழைய பஸ் டெப்போ அளவுதான், விமானமும் சின்னது. பக்கத்து இருக்கையில் மருந்து கம்பெனிக்காரர் ஒருவர், நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்து, பெரியவரே, அதை விட்டாலும் விமானம் போகும் என்றார். உன் ஊருக்கு மேலே வந்ததும் இறங்காமல் இருபத்தைந்து நிமிடம் வட்டமடித்தோம். கீழே ஒரே பனி. ஒரு தடவை மட்டும் சற்று விலகி, ஒரு தண்ணீர்த் தொட்டியும் நாலைந்து மாடி வீடுகளும் தெரிந்தன. அதில் ஏதோ ஒன்றில்தான் குழந்தை தூங்குகிறான் என்று கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் விமானி, ஓடுபாதை தெரியவில்லை, திரும்புகிறோம் என்று அறிவித்தார். சுற்றிலும் சத்தம், திட்டு. மருந்துக்காரர் கூட, இவனுக்கு ஓட்டத் தெரியலை என்றார்.

ஒரு மழைக்காலத்தில் பாலத்தில் வெள்ளம் ஏறியிருந்தபோது ஐம்பத்திரண்டு பேரோடு நானும் பஸ்ஸைத் திருப்பியிருக்கிறேன், இதே திட்டு வாங்கியிருக்கிறேன். வண்டியைத் திருப்பத் துணிச்சல் உள்ளவன் கையில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று பட்டது. எப்போது கைப்பிடியை விட்டேன் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது நன்றாகத் தூங்கிவிட்டேன்.

மத்தியானம் பையோடு வாசலில் நின்றவனை அம்மா மேலும் கீழும் பார்த்து, என்னங்க, அதுக்குள்ள பேரனைக் கொஞ்சிட்டு வந்தாச்சா என்றாள். நடந்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்று, அடுத்த தடவை உங்களைத் தனியா விடமாட்டேன் என்றாள்.

வரும் பதினான்காம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசிகள், நோய்நொடி இல்லாமல் இருங்கள். விமான நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராதே, பனிக்காற்று ஆகாது, மாப்பிள்ளை மட்டும் வரட்டும். அன்றைக்கும் திருப்பிவிட்டால் நீ அழாமல் சாப்பிட்டுவிடு, மறுநாள் ஏறிவிடுவோம்.

உன்னைப் பார்க்கக் கிளம்பிவிட்ட,
அப்பா