விரைவுக்கு மதிப்பெண்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் பள்ளிக்கு ஓர் இணைய வினாடி வினாச் செயலி வாங்கலாமா என்று மாதக் கடைசிக்குள் நான் சொல்ல வேண்டும். நேற்று ஆசிரியர்களே விளையாடிப் பார்த்தோம். என் விடைகள் எல்லாமே சரி. ஆனாலும் நான்தான் கடைசி. அதில் விரைவுக்குத்தான் மதிப்பெண்.

"கேள்விய முழுசா படிச்சீங்களா? நல்லா இருக்கே கூத்து!" என்று கணக்கு ஆசிரியை சிரித்தார். பிறகு, "என் வகுப்புல வாயே திறக்காத பிள்ளைங்க இதுலதான் துள்ளுதுங்க" என்றார்.

ஆனால் நிதானமாகப் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? வாங்கச் சொல்வதா, வேண்டாம் என்பதா, ஒரே குழப்பம்.

என் பழைய போர்வையை அம்மா துவைக்காமலே அனுப்பட்டும், நம் வீட்டு வாசனை போய்விடக் கூடாது. நீங்கள் யோசித்து, மெதுவாகவே பதில் எழுதுங்கள், மதிப்பெண் குறைக்கமாட்டேன். ஆனால் மாதக் கடைசிக்குள் எழுதிவிடுங்கள். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்