ட்ரெப்பினின் பூட்ஸ் கால்

மார்ச் 4, செவ்வாய்

நாலு வருஷமாக ஒரு ஆளோடு குடித்தனம் நடத்துகிறேன். அவர் செத்து நூற்றிருபது வருஷம் ஆகிறது. ஆகுஸ்ட் ஃபான் ட்ரெப்பின்: முதலில் பிரஷ்ய ராணுவத்தில் கேப்டன், பிறகு தேசாந்திரி, பிறகு தொல்லியல் அறிஞர். கடைசிப் பட்டம் தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. என் ஆய்வேடு இந்த மனுஷனைப் பற்றித்தான். தலையெழுத்து.

இப்போது அவரைப் பற்றித் தொலைக்காட்சிக்கு ஒரு படம் எடுக்கிறார்கள், நடிகர்களை வைத்து. நான் வரலாற்று ஆலோசகர். இயக்குநர் இசபெல் இன்று இங்கே பாரிஸில், ரூ பஜோல் தெருப் பக்கம் ஒரு கஃபேயில் உட்கார்ந்து கண் கலங்கச் சொன்னாள்: "அவரிடம் ஒரு தாகம் இருந்தது, அனு."

ஆமாம், இருந்தது. பத்து வயதில் கேடட் பள்ளி. இருபத்தாறில், பாரிஸை முற்றுகையிட்ட படையோடு வந்து பதுங்குகுழி வெட்டினார். இதோ, திரான்சி பக்கம்தான். குழி வெட்டத் தெரிந்துவிட்டது, ஆகவே தொல்லியல். வேறு தகுதி எதையும் நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இசபெலோடு சண்டை.

ட்ரெப்பின் மெசொப்பொத்தேமியாவில் ஒரு கருங்கல் தேவியைத் தோண்டி எடுத்தார். இடுப்பளவு உயரம். ஒட்டகத்தில் ஏற்ற வசதியாக அவளை மூன்றாக அறுத்தார். அறுப்பதற்கு முன் ஒரு புகைப்படம்: தேவி மல்லாந்து கிடக்கிறாள், அவள் முகத்தின் மேல் ட்ரெப்பினின் பூட்ஸ் கால். மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு. காலராவில் கூலியாட்கள் செத்ததைத் "தாமதம்" என்று எழுதிய மகானுபாவர், இந்தப் படத்தை அட்டையில் அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார்.

இசபெலுக்கு அந்தக் காட்சி வேண்டாமாம். "பார்க்கிறவர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போய்விடும்." பிடிக்கக் கூடாது என்றுதானே தாயே நான் நாலு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டது! அந்த மனுஷன் யார் என்று காட்ட அந்த ஒரு கால் போதும். பூட்ஸ் இல்லாத படத்தில் என் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பூட்ஸ் உண்டு. ஜெயித்தேன்.

மார்ச் 19, புதன்

மெசொப்பொத்தேமியக் கூலிகளாக நடிக்க லா ஷாப்பெலில், பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவில், ஆள் பிடித்திருக்கிறார்கள். "முகம் பொருந்துகிறது" என்கிறாள் இசபெல். ஐரோப்பாவுக்கு மாநிறம் என்பது ஒரே நாடு. பன்னிரண்டு பேர், எல்லாரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி நல்லசிவம் என்பவர். உணவகத்தில் சமையல் வேலை, வீடு திரான்சியில்.

"தங்கச்சி, சினிமா எண்டால் எங்களுக்கு வசனம் இருக்கோ?"

இல்லை அண்ணா, கத்தினால் போதும் என்றேன்.

"அப்ப குசினியிலை செய்யிறதுதான்."

ஏப்ரல் 2, புதன்

பாரிஸுக்கு வடக்கே ஒரு பழைய மணல் குவாரி. இதுதான் மெசொப்பொத்தேமியா. குளிரில் பல் கிட்டுகிறது. இசபெல் "வேர்வை, வேர்வை" என்று கத்த, கூலிகள் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். ட்ரெப்பினாக நடிக்கும் பிராங்க் நல்ல பையன். அதுதான் கோளாறே.

நான் வருவதற்குள் ஒரு கூத்து முடிந்திருந்தது. நல்லசிவம் கோஷ்டி, படத்துக்காக வார்த்த பிளாஸ்டர் தேவிக்குத் திருநீறு பூசி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காயும் உடைத்திருக்கிறது. படப்பிடிப்பு என்றால் பூசை போடாமல் தொடங்கக் கூடாதாம். இசபெல் "மாக்னிஃபிக்!" என்று கைதட்டினாளாம். அந்த தேவியின் பெயர் என்ன, எந்த ஊர், யாருக்காவது தெரியுமா? கேட்டால், "அம்மன்தானே" என்கிறார்கள். கறுப்புச் சட்டைக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். அப்பா மட்டும் இதைப் பார்த்திருந்தால் குவாரியிலேயே மேடை போட்டுப் பேச ஆரம்பித்திருப்பார்.

ஏப்ரல் 3, வியாழன்

ஐயோ. எழுதவே கூசுகிறது.

பூட்ஸ் காட்சி. தேவியை மல்லாத்திப் போட்டாயிற்று. பிராங்க் காலைத் தூக்கினான். பன்னிரண்டு பேரும் குறுக்கே வந்து நின்றுவிட்டார்கள்.

"கால் வைக்கேலாது" என்றார் நல்லசிவம்.

இசபெல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உன் ஆட்கள், நீயே பேசு என்று. என் ஆட்களாம்!

பேசினேன். "அண்ணா, இது பிளாஸ்டர். போன வாரம் பட்டறையில் வார்த்தது."

"ஓம் தங்கச்சி. நேற்றுக் காலமை வரைக்கும் பிளாஸ்டர்தான்."

"இவன் அயோக்கியன்னு ஊருக்குக் காட்டத்தான் இந்தக் காட்சியே!"

"காட்டுங்கோ. ஆர் வேண்டாம் எண்டது? இதிலை வேண்டாம்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்தப் படுபாவியைப் பிடித்து நிறுத்தி முகத்தைக் காட்டப்போகிற நேரத்தில் ஒரு துண்டுக் கற்பூரம் குறுக்கே வருகிறது! வெறும் பிளாஸ்டர்ங்க இது, நானே மிதிச்சுக் காட்டறேன், எனக்கு என்ன ஆயிடுதுன்னு பாருங்கன்னு கத்திக்கிட்டே முன்னாடி போனேன்.

போனவள் குனிந்து ஷூவைக் கழற்றினேன்.

ஏன்? சத்தியமாகத் தெரியவில்லை. ஒன்றைக் கழற்றி ஓரமாக வைத்தாயிற்று. இரண்டாவதில் முடிச்சுச் சிக்கி, அதோடு மல்லுக்கட்டும்போதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. நிமிர்ந்தால், நல்லசிவம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆகாயத்தைப் பார்க்கிறார். இசபெலுக்குக்கூடப் புரிந்துவிட்டது. ஈர மணலில் ஒற்றைக் காலுறையோடு நிற்கிறேன் — மிதிக்க வந்தவள்!

கால் போகவில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 4, வெள்ளி

உடைந்தால் மாற்றுக்கு என்று பட்டறையில் இன்னொரு தேவி இருந்தாளாம். அதே அச்சு, அதே பிளாஸ்டர், அதே கறுப்புப் பெயின்ட். வேனில் வந்து இறங்கினாள்.

"இதுக்கு நாங்கள் ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் எடுங்கோ" என்று நல்லசிவமே ஒரு பக்கம் பிடித்து மல்லாத்தினார். என்ன தர்க்கம்! இதற்கு முன்னால் ட்ரெப்பினே மேதை.

பிராங்க் காலை வைத்தான். புகைப்படத்தில் இருக்கிற மாதிரி அழுத்தி வை என்று நான்தான் சொல்லியிருந்தேன். மூக்கு நொறுங்கியது. அவன் பதறிப்போய் "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டான் — தேவியிடம்.

சத்தம்தான் கேட்டேன். கண்ணை மூடியிருந்தேன். இதற்குத்தானா இத்தனை சண்டை போட்டாய், அனு?

ஏப்ரல் 13, ஞாயிறு

படப்பிடிப்பு முடிந்தது. சாமான்கள் எல்லாம் குப்பைக்குப் போகின்றன. பூசை போட்டவளை மட்டும் குப்பையில் போட முடியாது என்று நல்லசிவம் ஒற்றைக்காலில் நின்றார். சரி, உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றேன். "என்ரை மனிசி பேர் தெரியாத அம்மனை உள்ளுக்கை எடுக்கமாட்டா." அப்புறம்? பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பேர் தெரிந்தவள் நான் ஒருத்திதானாம்.

நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நல்லசிவம் தலைப்பக்கம், நான் கால்பக்கம். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கியபோது, ட்ரெப்பின் ஏன் அவளை மூன்றாக அறுத்தார் என்று ஒரு கணம் புரிந்தது. அதற்காகவும் அந்த ஆளை வெறுத்தேன்.

எனக்கு இருப்பது ஒரே அறை. கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே இருக்கிறாள். இடைஞ்சல்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

லா ஷாப்பெலில் தேர். தெரு முழுக்க உடைத்த தேங்காய். சரியான பைத்தியக்காரத்தனம்.

நல்லசிவம் கூட்டத்தில் பார்த்துவிட்டு, "சுகமா இருக்கிறாவோ?" என்று கேட்டார். என்னை இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

படம் ஒளிபரப்பானது. இசபெல் சொல்லாமலே ஒரு காரியம் செய்திருக்கிறாள்: படமே பூட்ஸில்தான் தொடங்குகிறது. கால் இறங்குகிறது, மூக்கு நொறுங்குகிறது, பிறகுதான் தலைப்பு. இனி அந்த ஆளின் பெயரைத் தெருப்பலகையில் பார்த்தால்கூட யாரும் மரியாதையாகப் படிக்க மாட்டார்கள். இப்போதும் அந்த இடத்தில் நான் பார்த்தது என் முழங்காலைத்தான்.

அப்பா ஈரோட்டிலிருந்து வீடியோவில் வந்தார். நல்லாக் கிழிச்சிட்டம்மா அவனை என்றார். பெருமைதான். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பின்னாடி என்ன அது, சிலையா?" என்றார்.

"ஷூட்டிங் சாமான்ப்பா. பிளாஸ்டர்."

"நெத்தியில என்ன வெள்ளையா?"

"தூசிப்பா."

"தொடச்சு வைம்மா."

சரி என்றேன். துடைக்கவில்லை. போனை வைத்ததும், அவள் பக்கத்தில் இருந்த செருப்பு அலமாரியை இழுத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். இந்தப் பக்கம் இடம் போதவில்லை, அதனால்தான்.