ஐந்தே முக்கால் மணிச் சிரிப்பு

ஸ்ரீவராகம்,
8 ஜூலை 2024

பூங்கா காலைப் பயிற்சிக் குழுவின் செயலாளர் திருமதி ரத்னாபாய் அவர்களுக்கு நமஸ்காரம்.

பூங்காவின் தெற்கு மதிலை ஒட்டிய வீட்டிலிருந்து சுந்தரராமன் எழுதுவது. செக்ரட்டேரியட்டில் முப்பத்தைந்து வருடம் உழைத்து ஓய்வுபெற்றவன். இனியாவது ஆறரை மணிவரை தூங்க எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

நீங்கள் கையைத் தூக்குவதிலோ காலை மடக்குவதிலோ எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சரியாக ஐந்தே முக்காலுக்கு, சிரிப்புப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு இருபது பேர் கூடிக் கத்துகிறீர்களே, இது எந்த வைத்திய சாஸ்திரத்தில் இருக்கிறது? அதிலும் ஒரு பெண்மணி. மற்றவர்கள் நிறுத்தின பிறகும் அவர் நிறுத்துவதில்லை. குக்கர் விசில் மாதிரி ஏறி, விக்கி, மறுபடியும் ஏறுகிறது. அவரையாவது அடக்கிவைக்கவும்.

என் மனைவி அந்நேரம் கோவிலுக்குப் போய்விடுவதால் தப்பித்தாள். அவஸ்தை எனக்குத்தான்.

இப்படிக்கு,
கே. சுந்தரராமன்


10 ஜூலை 2024

அன்புள்ள சுந்தரராமன் சாருக்கு ரத்னாபாய் எழுதுவது.

முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். டாக்டர்களிடம் திட்டு வாங்கியே பழகியவள். உங்கள் கடிதம் என்னை ஒன்றும் செய்துவிடாது.

சிரிப்புப் பயிற்சி இரண்டே நிமிடம். எங்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் படுக்கையை விட்டு எழுந்து வருகிறார்கள். ஐயப்பன் அண்ணனுக்கு முட்டுவலி, ஒரு பயிற்சியும் செய்ய முடியாது. சிரிப்பதற்கு மட்டும் ஆட்டோ பிடித்து வருகிறார்.

நீங்கள் சொல்லும் அம்மா மூன்றாவது வரிசையில் நிற்பவர். யாரென்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். முதல் மூன்று மாதம் வாயைப் பொத்திக்கொண்டே நின்றார். இப்போதுதான் கையை எடுத்திருக்கிறார். மறுபடி பொத்திக்கொள் என்று சொல்ல என்னால் ஆகாது. நீங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.

ரத்னாபாய்


15 ஜூலை 2024

திருமதி ரத்னாபாய்க்கு,

ஜன்னலைச் சாத்தினேன். காதில் பஞ்சு வைத்தேன். தலைமேல் தலையணையையும் போட்டுப் பார்த்தாயிற்று. அந்தச் சிரிப்பு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு வருகிறது. இன்றைக்கு நான் எண்ணினேன், மற்றவர்கள் ஓய்ந்தபின் பதினோரு விநாடி.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண்மணியைக் கண்டிக்க வீட்டில் ஆள் கிடையாதா? இந்த வயதில் நடுத்தெருவில் நின்று இப்படிச் சிரிப்பவரை எந்தப் புருஷன் பார்த்துக்கொண்டிருப்பான்?

குடியிருப்போர் சங்கத்தில் மனு கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் உங்கள் குழுவுக்குப் பூங்காவே கிடையாது என்று தீர்மானம் கொண்டுவருவேன். அதற்குள் அவரை நிறுத்தினால் பிழைத்தீர்கள்.

கே. சுந்தரராமன்


20 ஜூலை 2024

சுந்தரராமன் சார்,

நாளைக் கூட்டத்தில் பேச உங்களுக்கு விஷயமே இருக்காது. நான்கு நாளாக அந்தச் சிரிப்பு கேட்டதா? கேட்டிருக்காது.

தப்பு என்மேல்தான். உங்கள் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், சிரிப்போமே என்று. எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அவருக்குத் தெரியப்படாது சேச்சி. நான் இனிமே வரலை" என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையை எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவேயில்லை.

அவருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். அது உங்கள் மனைவி பகவதி மாமி. நான்கு மாதமாகக் கோவில் என்று சொல்லிவிட்டு எங்களிடம் வருகிறார். கோவிலுக்கும் போகாமலில்லை, ஆறு மணிக்குமேல் ஓட்டமாக ஓடுகிறார்.

கண்டிக்க ஆள் கிடையாதா என்று கேட்டீர்களே. இருக்கிறார் சார். எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

புகார் கொடுத்ததற்குக்கூட எனக்குக் கோபமில்லை. முப்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். உங்களுக்கா அது யார் குரல் என்று தெரியவில்லை?

ரத்னாபாய்


22 ஜூலை 2024

மதிப்பிற்குரிய ரத்னாபாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான்கு மாதம் என்னை ஏமாற்றியிருக்கிறாள். கேட்டுவிடுவது என்று சமையலறைக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாய்வரை வந்தது, கேட்க முடியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில், தெரியவில்லை என்பதுதான். கல்யாணமான புதிதில், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது, எதற்கோ கலகலவென்று சிரித்தாள். "ஆத்துப் பொம்மனாட்டி இப்படியா சிரிப்பா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அத்தோடு சரி. அப்புறம் இந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதும் இத்தனை வருடம் எனக்கு உறைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்று மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சங்கத் தலைவர் வெங்கடகிருஷ்ணன், "எந்து பற்றி சுவாமி?" என்று மலையாளத்தில், திடீரென்று என்ன ஆயிற்று எனத் துருவினார். மனுவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று காலை ஐந்து மணிக்கே எழுந்தேன். "கோவிலுக்குப் போகலையா?" என்றேன். "முட்டி வலிக்கறது" என்றாள். "மெதுவா போய்ட்டு, மெதுவாவே வா. காப்பி நான் போட்டுக்கறேன்" என்றேன். எனக்குக் காப்பி போடத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

அவள் உங்களிடம்தான் வந்தாள். மதிலோரம் நின்று எட்டிப் பார்த்தேன், மூன்றாவது வரிசை. ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் சிரித்தீர்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நீங்கள் மூன்று மாதத்தில் அந்தக் கையை எடுக்கவைத்தீர்களாமே. எப்படி என்று எனக்கு எழுதுங்கள்.

சுந்தரராமன்