லே விமானம் இறங்காத வாரம்

குன்னம்
வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள மாறனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படி இருந்தால் போதும், அதற்கு மேல் நலம் விசாரிக்க இந்த வாரம் எனக்கு வாய் வரவில்லை. நேற்று போனில் நீ ஒன்று கேட்டாய். ஜன்னல் இடுக்கை அடைத்தது நான்தான் என்று செங்கமலம் அத்தையிடம் சொன்னால் அவர் மகன் அறிவு எழுந்து வந்துவிடுவானா, சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று. அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்டுத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவது என் வழக்கம், உன்னிடமும் அதையே சொல்கிறேன். அப்பா பக்கத்தில் நின்றதால் போனில் ஒன்றும் பேச முடியவில்லை, நீயும் சட்டென்று வைத்துவிட்டாய். அவருக்கு இன்னும் தெரியாது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன், காலையில் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவேன்.

ஒரு வாரமாக எனக்கு இரண்டு ஊர் வானிலையாக இருக்கிறது. அடுப்பைப் பற்ற வைக்கும் முன் போனில் நீ இருக்கும் லே ஊரைப் போட்டுப் பார்க்கிறேன். திங்கள் மைனஸ் எட்டு, அறிவின் அண்ணன் குருநாதன் அவன் உடலை வாங்க அங்கே வந்து இறங்கிய நாள். செவ்வாய் பனி. புதன் மைனஸ் ஒன்பது, பக்கத்தில் முழுச் சூரியன் படம். வியாழன் மேகம், இன்றைக்கு மறுபடி பனி. ஆண்டு முழுவதும் சேர்த்தாலே நான்கு அங்குலம் மழை பெய்யாத ஊர் அது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அந்த ஊர் மேகத்துக்காக இங்கே ஒரு தெருவே உட்கார்ந்திருக்கிறது. இங்கேயோ புதன் சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை.

புதன்கிழமை நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. காலையில் அந்தச் சூரியன் படத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அங்கே விமானம் இறங்கிவிடும், ராத்திரிக்குள் உடல் வந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். எதையும் இரண்டு தரம் சோதிக்காமல் நம்பாதவள் என்று ஊரில் எனக்குப் பேர், அதனால் நான் சொன்னதும் யாரும் யோசிக்கவில்லை. பத்து மணிக்கெல்லாம் மதுரைவீரன் ஆட்களோடு இடுகாட்டுக்குப் போய்க் குழி வெட்டி முடித்துவிட்டான். மதியம் நீ போன் செய்து, வெயில் அடிக்கிறது ஆனால் காற்று, விமானம் மேலேயே சுற்றிவிட்டு டெல்லிக்குத் திரும்பிவிட்டது என்றாய். வெயில் இருந்தால் விமானம் இறங்கும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேனோ தெரியவில்லை. வெட்டின குழியை வெறுமனே விடக்கூடாது, அது வேறு ஆளைக் கேட்கும் என்று ஆண்டாயி சின்னம்மா சத்தம் போட்டு, குறுக்கே ஒரு உலக்கையைப் போட வைத்தார். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான், ஆனால் உலக்கை எங்கள் வீட்டிலிருந்துதான் போனது, கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். சாயங்காலத்து மழையில் குழி ரொம்பிவிட்டது. மதுரைவீரன் என்னைப் பார்த்து, “டீச்சர் போன்ல சூரியன் வந்தா எங்க கையில மண்வெட்டி வருது, இனிமே அந்தப் போனைக் கொஞ்சம் அணைச்சி வையுங்க” என்றான். சிரிக்கத்தான் சொன்னான், யாரும் சிரிக்கவில்லை.

செங்கமலம் தினமும் காலையில் வந்து நிற்கிறாள். அழுவதில்லை. “இன்னைக்கு அங்க எப்புடி இருக்கு டீச்சர்?” என்கிறாள், நான் எண்ணைச் சொல்கிறேன். மைனஸ் என்றால் என்ன என்று முதல் நாள் கேட்டாள், தண்ணீர் கல்லாகிப் போகும் குளிருக்கும் கீழே என்றேன். “அப்ப எம்புள்ள கெட்டுப்போவாம இருப்பான்ல?” என்றாள். இருப்பான் என்றேன். இந்த வாரம் நான் அவளுக்குச் சொன்னதில் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இருக்கிறது, ஆனால் அதை எந்த இடத்தில் வைப்பது என்றுதான் தெரியவில்லை. நீ பிறந்த கார்த்திகையில் பத்து நாள் அடைமழை. உடைந்த பானையில் கரிக்கனல் போட்டு என் கட்டிலுக்கடியில் வைத்து, கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்து, உன்னையும் என்னையும் காப்பாற்றியதாக எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நானும் அந்தக் கதையை உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது ஓட்டு வீடு, புகை போக ஓட்டுக்கு ஓடு இடுக்கு இருந்தது, கட்டிலுக்கடியில் கனல் இருந்தும் நாம் பிழைத்தது அதனால்தான் என்பதைச் சொன்னதில்லை, தோன்றவே இல்லை. நீ போன சனிக்கிழமை செய்தது அதையேதான். வேலைக்குப் போகும் முன் அறிவு குளிரில் நடுங்குகிறான் என்று கரிச்சட்டியைப் பற்ற வைத்து, ஜன்னல் இடுக்கில் லுங்கியைக் கிழித்து அடைத்து, மேலே டேப் ஒட்டிவிட்டு ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போனாய். உங்கள் அறையில் ஓடும் இல்லை இடுக்கும் இல்லை. கார்பன் மோனாக்சைடு பாடத்தை உங்கள் இரண்டு பேருக்கும் நான்தான் நடத்தினேன். நிறமில்லை, மணமில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும் என்று நீ எழுதி முழு மதிப்பெண் வாங்கினாய், அறிவு பாதி எழுதிவிட்டு மணியடித்துவிட்டது டீச்சர் என்றான். படித்த பதில் தாளோடு நின்றுவிட்டது, பாடம் நடத்தினவளுக்கும் அப்படித்தான்.

இப்போது கேட்கப்போவதற்கு வருகிறேன். உனக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் போட்டிருப்பதாகக் குருநாதன் சொன்னான். நீ வரவில்லை, லீவு இல்லை, குளிர்காலம் முழுக்க அங்கேயே இருக்கப்போகிறேன் என்கிறாய். லீவு இல்லை என்பதை நான் நம்பவில்லை. அந்த விமானத்தில் நீ வர வேண்டும், வந்து செங்கமலத்தின் முன் உட்கார்ந்து நடந்ததை உன் வாயால் சொல்ல வேண்டும். அதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று முதலிலேயே எழுதிவிட்டேன். குருநாதன் கை நீட்டலாம், தெருவில் நம்மோடு பேச்சு நின்றுபோகலாம், அறிவை நீதான் கூட்டிக்கொண்டு போனாய் என்று இப்போதே இரண்டு பேர் காதுபடப் பேசுகிறார்கள். அறிவுக்குக் குளிரக்கூடாது என்றுதான் அடைத்தாய் என்பதை அவள் ஏற்றுக்கொள்வாள் என்றும் நான் உறுதி சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொள். உனக்காக நான் போய்ச் சொல்ல மாட்டேன், அது உன்னுடையது. உனக்காகப் பொய்யும் சொல்ல மாட்டேன். அவள் கேட்டால், மாறன் வந்து சொல்வான் என்று மட்டும் சொல்வேன்.

வேறு சேதி பெரிதாக இல்லை. மக்காச்சோளக் கதிரை ஒடித்துக் களத்தில் போட்ட அன்றே மழை, அப்பா தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார், அடியில் முளை விட்டிருக்கும் என்று அவருக்கும் தெரியும், திறந்து பார்க்கப் பயந்துகொண்டு இருக்கிறார். பருத்தியும் செடியிலேயே நனைகிறது. செந்துறையிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வரும் பஸ் இரண்டு நாளாகத் தாமதம். நீ காதை மூடிக்கொள், அரிசி கிடைக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே, யார் என்ன சொன்னாலும் படுக்கிற அறையில் நெருப்பு வைக்காதே. வேறு அறைக்கு மாறிவிட்டாயா என்று இதுவரை நான் கேட்கவில்லை, மாறியிருந்தால் ஒரு வரி எழுது. வந்தாலும் வராவிட்டாலும் நீ எங்கள் பிள்ளை, எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, அதை வைத்து உன்னைப் பேரம் பேச மாட்டேன். குருநாதனின் பாஸ்போர்ட் சைஸ் படமும் ஆஸ்பத்திரிக் காகிதமும் விமான நிலையத்தில் கேட்பார்களாம், ஒரே உறையில் போட்டுக் கொடு.

அன்புடன்,
அம்மா கலையரசி

சனிக்கிழமை, காலை பத்தேகால்

மைனஸ் பதினொன்று, காற்று குறைவு என்று போட்டிருந்தது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. செங்கமலம் ஆறரைக்கு வந்தாள். இன்றைக்கு எப்படி என்று கேட்கவில்லை, நான் கொடுத்த டீயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். போலீஸ் எழுதின காகிதத்தில் ஜன்னலைத் துணி வைத்து அடைத்திருந்தது என்று இருப்பதாக நேற்று குருநாதன் போனில் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். “ஜன்னல யாரு அடச்சதாம் டீச்சர்? ஒங்க பையனுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?” என்றாள்.

மாறன் வந்து சொல்வான் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தாள்கள் இன்னும் உனக்கு அனுப்பாமல் மேசைமேல்தான் இருந்தன. “அறிவுதான் அடச்சிருக்கான் போலருக்கு, மாறன் வேலைக்குப் போனப்புறம்” என்றேன். போலருக்கு என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன், அது எதையும் குறைக்கவில்லை.

அவள் சந்தேகப்படவே இல்லை. “அவந்தான் அடச்சிருப்பான், மார்கழிப் பனிக்கே ரெண்டு போர்வ கேக்குற பய” என்றாள். அப்புறம் எழுந்து வெளியே போனாள். ஒரு வாரமாக அழாதவள் தெருவில் நின்று பிள்ளையைத் திட்ட ஆரம்பித்தாள். “பன்னெண்டு படிச்சியேடா, மூடின வூட்டுல நெருப்ப வைக்கக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியலயாடா, பாவிப்பயலே, ஒன்னை நீயே கொன்னுக்கிட்டியேடா” என்று.

ஒன்பதே முக்காலுக்குக் குருநாதன் விமானத்துக்குள்ளிருந்து பேசினான். பெட்டியை ஏற்றியாகிவிட்டது, நீயும் ஏறிவிட்டாய், அவன் பக்கத்து சீட்டில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய் என்றான். “எங்கம்மாகிட்ட நேர்ல ஒன்னு சொல்லணும்னு வரான், என்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறான்” என்றான்.

டெல்லியில் இறங்கிப் போனைத் திறந்ததும் இதைப் பார்ப்பாய். மழை விட்டிருக்கிறது, மதுரைவீரன் குழியில் இறங்கித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறான். செங்கமலம் இன்னும் தெருவில்தான் நிற்கிறாள், இன்னும் அறிவைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா