ரத்து செய்யாத வண்டி நம்பர்

ஏனுங்க, நான் சொல்றது கேக்குதுங்களா?

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பல்லடத்தில் எல்லாரும் சௌக்கியம். நான்தான் சரியில்லை. போனவருக்குப் போய் ஒரு கெட்ட பேரை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

நம் குட்டியானை லோடு வண்டி ஞாபகம் இருக்கிறதல்லவா? கோழி ஏற்றி ஏற்றி அடித்தட்டே இற்றுப்போய், கடைசியில் இன்ஜினும் நின்றுவிட்டது. உங்கள் வருஷத் திதி முடிந்ததும், உங்கள் தம்பி தன் சினேகிதர் ஒருவரைக் கூட்டிவந்தார். பழைய இரும்புக் கடைக்காரர். வண்டியை எடைக்குப் போட்டுவிட்டோம். இழுத்துக்கொண்டு போகும்போது நம்பர் பிளேட் அதிலேயே இருந்தது. கழற்றச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வண்டியை உடைக்கக் கொடுத்தால் பதினாலு நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தையும் ஒப்படைத்து, பதிவை ரத்து செய்ய வேண்டும். எனக்குத் தெரியாது என்று உங்களிடமே பொய் சொல்ல மாட்டேன். நம் மகள் அப்போதே படித்துப் படித்துச் சொன்னாள்.

"ஆர்.சி.யக் குடுத்து கேன்சல் பண்ணிப்போடுங்கம்மா. எவனாச்சும் அந்த நம்பர்ல ஓட்டுனா அப்பா பேருதான் வரும்."

நான் காதில் வாங்கவில்லை. ரேஷன் கார்டில் உங்கள் பேரை எடுத்தாயிற்று, ஓட்டு லிஸ்டில் எடுத்தாயிற்று, பாங்கிலும் எடுத்தாயிற்று. இது ஒன்றிலாவது இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஆர்.சி.யை பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டேன். ஆசைதான், வேறென்ன?

போன மாதம் போலீஸ்காரர் வந்து, "ஓனர் இருக்காருங்களா?" என்றார். நம் நம்பர் போட்ட ஒரு வண்டி, தறி வேலை முடிந்து ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். உள்ளே போய் உங்கள் தம்பிக்கு போன் செய்தேன்.

"அண்ணி, அண்ணன் செத்த சர்ட்டிபிகேட்டைக் காட்டிப்போட்டுப் பேசாம இருங்க. செத்தவர் மேல கேஸ் நிக்காது. வாயைத் தொறந்தீங்கன்னா, ஏன் ஆர்.சி.யக் குடுக்கலைன்னு உங்களத்தான் புடிப்பாங்க" என்றார்.

அப்படியே செய்தேன். வண்டி எங்கே என்று கேட்டதற்கு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்?

அடிபட்ட பெண்ணைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. விசாரித்துக்கொண்டு கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு நம் மகள் வயசுதான் இருக்கும். தொடையில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த நம்பர் வண்டிக்காரரின் சம்சாரம் என்றதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போலீஸ்ல சொன்ன உங்க ஊட்டுக்காரர் பேரைச் சொல்லித்தானுங்க தெனமும் சாபம் உடறேன், நாசமாப் போவட்டும்னு."

கட்டிய நாளிலிருந்து ஒருதரம்கூட என் வாயில் வராத பேர் அது. சொன்னால் உங்கள் ஆயுசு குறையும் என்று, யார் கேட்டாலும் மகளைத்தான் சொல்லச் சொல்வேன். அந்தப் பேரை ஒருத்தி தினமும் சொல்லித் திட்டியிருக்கிறாள், அதுவும் என்னால்.

நீங்கள் இறந்ததையும், வண்டியை எடைக்குப் போட்டதையும் அவளிடம் சொல்லி அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்தவரையா இத்தன நாளா ஏசுனேன்? மன்னிச்சுக்கங்கம்மா" என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! இரும்புக் கடைக்காரர் யாரென்று நான் போலீசில் சொன்னால்தானே நம் நம்பர் எந்த வண்டிக்குப் போனது, இடித்தவன் யார் என்று தெரியும்? அதுவரை அவளுக்கு என்ன நியாயம் கிடைக்கும்?

உங்கள் தம்பிக்குக் கோபம் வரும். சினேகிதரைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று நல்லது கெட்டதுக்குக்கூட வாசற்படி மிதிக்க மாட்டார். என் மேலும் கேஸ் வரலாம். நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்களா, கூட வந்திருப்பீர்களா?

நாளைக் காலையில் முதலில் போலீஸ் ஸ்டேஷன், பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஆர்.சி.யைக் கொடுத்துவிடுகிறேன். மகளைத் துணைக்குக் கூப்பிடப் போவதில்லை. இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று நானே சொல்வேன்: "எங்க ஊட்டுக்காரர் பேரு பொன்னுசாமிங்க. அவர் யாரையும் இடிச்சுப்போட்டு ஓடலைங்க. தப்பு என்னுதுங்க."

உங்கள் வீட்டுக்காரி,
சரஸ்வதி