சாதா போல்ட்

ஜூன் 11
பத்திரிகைச் செய்திக்காகத் திருவாதவூர் போய் வந்தேன். வெளிமாநில நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து இறந்த பேயாண்டியின் வீடு. அவரை அந்த வேலைக்குக் கூட்டிப்போனது என் மச்சினன், காண்டிராக்டர் விருமாண்டி. பேயாண்டியின் மனைவி தங்கப்பொண்ணு என்னை வாசலிலேயே நிறுத்தினார்.
"எம்புருசன் குடிச்சிட்டு, போல்ட் போடாத எடத்துக்குள்ள போயிச் செத்தாருன்னு ஒங்க மச்சினன் ஊரெல்லாம் சொல்றாரு. அத எழுதத்தான் வந்தீகளா?"
நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஜூன் 14
அதே சுரங்கத்தில் வேலை பார்த்த அழகுராஜா போனில் விளக்கினார். கூரையில் துளையிட்டு, நனைத்த சிமென்ட் கேப்சூல்களைத் திணித்து, நீளக் கம்பியைச் செருகுவார்கள். அதுதான் போல்ட். பாறை அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பது அது. பிடிமானம் சரியா என்று பார்க்க ஜாக்கி மாட்டி இழுப்பார்கள். குறித்த டன் வரை அசையக் கூடாது.
"எல்லாத்தையும் இழுப்பீங்களா?"
"எங்கண்ணே... ஒண்ணு ரெண்டுதான்."
"எதை இழுக்கணும்னு யார் முடிவு பண்றது?"
போனை வைத்துவிட்டார்.

ஜூன் 16
விருமாண்டி ஆனையூரிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டான்.
"என்ன மாமா, ஊர்ல வேற செய்தியே இல்லையா? சொந்த மச்சினனத்தான் எழுதணுமா?"
"உன் போல்ட் எப்படி மாப்ள?"
"டெஸ்ட்ல ஒண்ணுகூட அசையல. ஜாக்கி ஒடஞ்சாலும் அசையாது. டெஸ்டுக்குன்னே தனியாப் போடுவோம்ல, ஸ்பெஷலு. உச்சி வரைக்கும் சிமென்ட்."
அவன் கண் முன்னால்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.
"மத்ததெல்லாம்?"
"அம்புட்டுக்கும் முழுசாத் திணிச்சா வேலை எப்ப ஓடும்? பாதிதான். சாதா."
"பேயாண்டி தலைக்கு மேல இருந்தது?"
"அதுவும் சாதாதான—"
நிறுத்திக்கொண்டான். போல்ட்டே இல்லாத இடத்தில் செத்தார் என்று ஊரெல்லாம் சொன்னவன்! காபி டம்ளரோடு என் மனைவி ரெங்கம்மாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக?
"அக்கா மொகத்துக்காக விடுறேன். எழுதிப் பாருங்க, அப்பறம் இருக்கு."

ஜூன் 17
ரெங்கம்மாள் எனக்குச் சோற்றை எடுத்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 19
செய்தி ஆசிரியர்: "உங்க மச்சினன்னு சொல்லியே போடுவோம். ஆனா மறுத்துட்டார்னா? அவர் சொன்னத வேற யார் கேட்டது?"
ரெங்கம்மாள் பெயரை நான் சொல்லவில்லை. அவ தூக்கி வளத்த தம்பி. அவகிட்டப் போயி, நீ சாட்சி சொல்லுன்னு எப்படிக் கேக்குறது? நான் என்ன மனுசன்?

ஜூன் 21
பத்திரிகையிலிருந்து கேட்டதற்கு, விருமாண்டி தான் அப்படிச் சொல்லவேயில்லை என்றானாம். மாலையில் அக்காவுக்கு அழைத்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.
"மாமாவுக்கு வயசாகிப் போச்சு, என்னத்தையோ கேட்டு என்னத்தையோ எழுதுறாரு. நீ எடுத்துச் சொல்லுக்கா."
"சாதான்னு நீதான்டா சொன்ன. காபி ஆறுற வரைக்கும் நின்னு கேட்டேன்."
அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே துண்டித்தாள். என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "எம்பேரப் போட்டுக்கங்க."

ஜூன் 24
செய்தி வந்துவிட்டது. அவள் பெயரோடு.

ஜூன் 30
சுரங்கத்தில் மறுவிசாரணை. இந்த முறை எந்த போல்ட்டை இழுப்பது என்பதை வந்த அதிகாரிகளே தேர்ந்தெடுத்தார்களாம். அழகுராஜா போன் செய்தார். "மொத இழுப்புலயே கையோட வந்துருச்சுண்ணே. அடுத்ததும்."

ஜூலை 7
இன்று விருமாண்டி மகளுக்குச் சடங்கு. அத்தை இல்லாமலே நடக்கிறது; எங்களுக்குச் சொல்லவில்லை. ரெங்கம்மாள் அவளுக்கென்று எடுத்த பட்டு பீரோவிலேயே இருக்கிறது. காலையில் மாட்டுத்தாவணியில் சம்பங்கி மாலை வாங்கினாள்.
"திருவாதவூருக்குப் போறேன். வாரீகளா?"
தங்கப்பொண்ணு எங்களை உட்காரச் சொல்லவில்லை. மாலையை வாங்கிப் பேயாண்டியின் படத்துக்குப் போட்டார். அது கோணலாகத் தொங்கியது. சரிசெய்ய ரெங்கம்மாள் கையை நீட்டினாள்.
"இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."